கெட்டி மேளமும் ஒன்பதாவது இன்னிங்ஸும்

சிங்கப்பூரில் ஒரு தமிழன் எந்த விளையாட்டுக்கு வேண்டுமானாலும் பைத்தியமாக இருக்கலாம். கால்பந்து என்றால் காப்பிக்கடையில் முன்பின் தெரியாதவன்கூட நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவான். கிரிக்கெட் என்றால் தேக்காவில் எந்தக் கடையில் நுழைந்தாலும் ஸ்கோர் சொல்ல ஆள் உண்டு. பேட்மிண்டனுக்கு அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே கோர்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். பேஸ்பால் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். "ஓ, ஸ்டேட்ஸ்ல படிச்சீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொன்னதும் முகம் ஒரு மாதிரி ஆகும். அதற்கப்புறம் உங்களிடம் கொஞ்சம் மெதுவாக, பதமாகப் பேசுவார்கள்.

நான் அமெரிக்கா போனதே இல்லை. செம்பவாங்கில் பிறந்து, செம்பவாங்கில் படித்து, செம்பவாங்கிலேயே ஒரு நாலறை வீட்டில் அம்மாவோடும் தங்கை பவானியோடும் குடியிருந்தவன். தேசிய சேவைப் பட்டாளத்தில் காலை முறித்துக்கொண்டு படுக்கையில் கிடந்தபோது, போனில் எதையோ தேடப் போய் ஒரு பேஸ்பால் ஆட்டம் கண்ணில் பட்டது. கால் ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது. மற்றது இன்னும் சரியாகவில்லை.

நான் தத்தெடுத்த அணி அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் அந்த வருஷம் ஆடிய ஆட்டத்துக்குப் பெயர் வேறு கேடா? அங்கே ராத்திரி ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கினால் இங்கே காலை ஏழு மணி. ஆகையால் அவர்களுடைய கோடைக்காலம் முழுக்க என்னுடைய காலைப் பொழுதுகள் பறிபோயின. பல் துலக்கும்போது முதல் இன்னிங்ஸ். எம்ஆர்டி ரயிலில் மூன்றாவது. ஆபீஸ் கழிவறையில் ஏழாவது. (என் மேலதிகாரி ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வயிற்றுக்கு நல்ல டாக்டர் ஒருவரைத் தெரியும் என்றார்.)

ஆட்டம் இல்லாத நாளிலாவது மனுஷனாக இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பகடை உருட்டி ஆடும் பேஸ்பால் ஒன்றை நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன். எட்டு அணிகள். எட்டுக்கும் மேலாளர் நான்தான். தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த ஓர் அணியின் மேலாளரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டுத் தூக்கினேன். அவரும் நான்தான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"பொண்ணு பார்க்கப் போற இடத்துல இதை மட்டும் வாயைத் தொறந்து சொல்லிடாதடா," என்பாள் அம்மா. எனக்கு அப்போது முப்பது வயது. சொல்லாமலே யாரும் பெண் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு அமையாதது தங்கைக்கு அமைந்தது. புக்கிட் பாஞ்சாங்கில் இருந்த சரவணன் என்கிற தங்கமான பையன். அவனும் பவானியும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் பக்கத்தில் எல்லோருக்கும் சம்மதம், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் அவனுடைய அம்மா. பவானியிடம் அவர் ஒரு குறையும் காணவில்லை. அவருக்குக் குறை எல்லாம் சகுனத்தில்தான். முதல்முறை எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது லிப்ட் கதவு திறந்து, மூடி, மறுபடி திறந்ததாம். அப்படியே திரும்பிக் கீழே போய், டாக்சி பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். மறுவாரம் வேறு நேரம் பார்த்து வந்தார். கல்யாணத்துக்கு முதலில் குறித்த தேதியை, அதைச் சொல்லும்போது யாரோ இருமினார்கள் என்பதற்காக மாற்றினார். (இருமியது நான்தான். முறுக்குத் தூள் தொண்டையில் போய்விட்டது என்று எவ்வளவோ சொன்னேன்.)

கடைசியில் ஆவணி மாதம் ஒரு தேதி நிலைத்தது. சிராங்கூன் சாலைக் கோயில் ஒன்றின் மண்டபத்தில் முகூர்த்தம்.

ஜூன் விடுமுறையில் அம்மாவும் பவானியும் புடவை எடுக்கச் சென்னைக்குப் போனார்கள். அண்ணன்காரன் கூடப் போயிருக்க வேண்டும் இல்லையா? அண்ணன்காரன் ஜப்பானுக்குப் போனான்.

"புடவைக் கடையில நான் என்னம்மா பண்ணப் போறேன்?" என்று கேட்டேன்.

"பை தூக்கலாம்ல," என்றாள் அம்மா.

அந்தப் பதிலுக்கு எதிர்வாதம் கிடையாது. ஆகவே வாதம் செய்யாமல் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ஜப்பானில் மூன்று ஊர், மூன்று மைதானம். எங்கள் அணி அங்கே ஆடவில்லை. சொந்தக்காரர் வீட்டில் விசேஷம் இல்லாவிட்டாலும் அடுத்த வீட்டு விசேஷத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிற மாதிரி போனேன். அங்கே இரண்டு விஷயங்களைப் பார்த்துப் புத்தி பேதலித்துத் திரும்பினேன். முதலாவது, ரசிகர்கள். வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் கூட்டத்தின் முன்னால் நின்று கையை அசைத்தால் போதும், ஆயிரக்கணக்கான பேர் ஊதுகுழலும் மேளமுமாக ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். இரண்டாவது, பயிற்சியாளரின் சைகை. பேஸ்பாலில் ஓரமாக நிற்கும் பயிற்சியாளர், பந்தடிப்பவனிடம் வாயால் எதுவும் சொல்ல மாட்டார். காதைத் தொடுவார், மூக்கைத் தொடுவார், தொப்பியைத் தொடுவார், கையைத் தடவுவார். பார்ப்பதற்குச் சொறி பிடித்தவர் போல இருக்கும். அதில் பெரும்பாலானது எதிரணியை ஏமாற்றுவதற்கு. நடுவில் ஒரே ஒரு தொடல் மட்டும் சாவி. சாவிக்கு அடுத்து எதைத் தொடுகிறாரோ அதுதான் உத்தரவு. சாவி இல்லாமல் அவர் தலைகீழாக நின்றாலும் யாரும் அசைய மாட்டார்கள்.

ஒசாகாவில் ஓர் ஆட்டம் முழுக்க பைனாகுலரை வைத்துக்கொண்டு அந்தச் சாவி எது என்று கண்டுபிடித்தேன். பக்கத்தில் இருந்த ஜப்பானியத் தம்பதியிடம், "இப்போது பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு ஓடப் போகிறான், பாருங்கள்," என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன். அவன் பந்தைக் கூரைக்கு அடித்தான். அந்த அம்மாள் எனக்கு ஒரு அரிசி உருண்டை கொடுத்தார். அதைப் பாராட்டு என்று அப்போது நினைத்தேன். புத்தி வர இது போதாதா? போதவில்லை.

ஊர் திரும்பினால் கல்யாண வேலை நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அப்பா இல்லை. அப்பாவின் தம்பி, செம்பவாங் கப்பல்துறையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் குடும்பத்தின் எல்லாக் கல்யாணங்களையும் கப்பலை இழுத்துக் கட்டுகிற மாதிரி சத்தம் போட்டே நடத்தி வைப்பவர். அந்தச் சித்தப்பா ஒருநாள் மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்து புதிதாக ஒரு கவலையைக் கிளப்பினார்.

"மேளக்காரங்க உட்கார்ற இடத்துக்கும் மணவறைக்கும் நடுவுல பெரிய தூணு. அது போதாதுன்னு வீடியோக்காரன் லைட்டைக் கொண்டாந்து வச்சிடுவான். ஐயர் கை காட்டுறது அவங்களுக்குத் தெரியாது. மைக்ல கூப்பிட்டாலும் அந்தச் சத்தத்துல கேட்காது. போன மாசம் ஒரு கல்யாணத்துல தாலி கட்டி முடிச்சு, பொண்ணு எந்திரிச்சதுக்கு அப்புறம்தான் கெட்டி மேளம் வாசிச்சானுங்க."

பவானியின் முகம் வெளுத்தது. கெட்டி மேளம் எதற்கு? தாலி ஏறும் நேரத்தில் ஒரு தும்மல், ஓர் அழுகை, ஒரு வேண்டாத வார்த்தை யார் காதிலும் விழக்கூடாது என்பதற்குத்தானே. அதுவும் அவளுக்கு வாய்க்கப்போகும் மாமியார் எப்படிப்பட்டவர் என்று அவளுக்குத் தெரியும்.

"சித்தப்பா, அந்த நேரத்துல யாராச்சும் தும்முனாக்கூட அத்தை அதை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க," என்றாள். "நடுவுல ஒரு ஆளை நிறுத்துங்க. ஐயரைப் பார்த்து மேளத்துக்குக் கை காட்டட்டும்."

"யாரை நிறுத்துறது?"

பவானி என்னைப் பார்த்தாள். "அண்ணனை நிறுத்துங்க. வேலை கொடுத்தாத்தான் போனைப் பார்க்காம இருப்பான்." பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்கு நகை வேணாம், நெக்லஸ் வேணாம். இது ஒண்ணு மட்டும் சரியா பண்ணிக் கொடு. அன்னைக்குக் கேமைப் பார்க்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு," என்றாள்.

சத்தியம் செய்தேன். அதற்குள் என் மண்டைக்குள் வெள்ளைக் கையுறை போட்ட ஒருவன் முளைத்துவிட்டான்.

கையைத் தூக்கிக் காட்டுவது என்பது எவ்வளவு பத்தாம்பசலியான ஏற்பாடு என்று யோசித்துப் பாருங்கள் (அன்றைய நான் பேசுகிறேன்). கல்யாண மண்டபத்தில் யார்தான் கை ஆட்டவில்லை? அத்தை மாமாவைக் கூப்பிடக் கை ஆட்டுவாள். போட்டோக்காரன் தள்ளி நிற்கச் சொல்லிக் கை ஆட்டுவான். மேளக்காரர் எந்தக் கையை நம்புவார்? பூட்டுப் போட்ட சைகை ஒன்று வேண்டாமா? வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். வலது காதைத் தொட்டால் சாவி. அதற்கப்புறம் தலையில் கை வைத்தால் கெட்டி மேளம். சாவிக்குப் பிறகு இடது கையைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை தடவினால் நிறுத்து.

முதல் நாள் சாயங்காலம் மேளக்காரர்களைச் சந்தித்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள். தவில் வாசிப்பவருக்கு என்னுடைய திட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது.

"கிரிக்கெட்ல கேப்டன் பீல்டிங் செட் பண்ற மாதிரிங்களா சார்?"

"அதைவிட மேலே," என்றேன். "நாளைக்கு யார் கை ஆட்டினாலும் கண்டுக்காதீங்க. எங்க சித்தப்பா ஆட்டினாலும் சரி, ஐயரே ஆட்டினாலும் சரி. என்னை மட்டும் பாருங்க. நானே காதைத் தொடாம எதைச் செஞ்சாலும் கண்டுக்காதீங்க."

"நீங்க கவலையே படாதீங்க சார். உசிரே போனாலும் காதைத்தான் பார்ப்போம்."

நாலு முறை ஒத்திகை பார்த்தோம். நாலு முறையும் கத்தரித்த மாதிரி தொடங்கி, கத்தரித்த மாதிரி நின்றது. சித்தப்பா தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "இவனுக்கு உடம்பெல்லாம் அரிக்குதா?" என்று அம்மாவிடம் கேட்டாராம்.

மறுநாள் காலை. பட்டுச் சட்டை, வேட்டி, நெற்றியில் சந்தனம். முகூர்த்தம் ஒன்பது மணிக்கு மேல். அமெரிக்காவில் எங்கள் அணிக்கு அன்றைக்கு வாழ்வா சாவா ஆட்டம். ஜெயித்தால் அடுத்த சுற்றுக்குப் போகும் ஆசை உயிரோடு இருக்கும், தோற்றால் அவ்வளவுதான். நான் செய்த சத்தியத்தை மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். பார்க்க மாட்டேன் என்றுதானே சொன்னேன்? கேட்க மாட்டேன் என்று சொல்லவில்லையே? இந்த மாதிரி யோசனை வரும்போதே நாலு அறை விட ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் போனது என் குடும்பத்தின் துரதிர்ஷ்டம்.

வயர் இல்லாத இயர்போனை ஜப்பானிலிருந்து வரும்போது விமானத்தில் தொலைத்திருந்தேன். பழைய வயர் இயர்போன் ஒன்றைத் தேடி எடுத்தேன். போனை வேட்டி பெல்ட்டில் செருகி, வயரைச் சட்டைக்குள்ளாக ஏற்றி, வலது காதில் மட்டும் மாட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். தெரியவில்லை. கல்யாண வீட்டில் பாதுகாப்பு அதிகாரி மாதிரி இருக்கிறது என்றுகூடத் தோன்றியது.

வலது காது. சாவிக் காது. அது அப்போது உறைக்கவில்லை.

மண்டபம் நிறைந்துவிட்டது. நான் தூணுக்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் நின்றேன். சங்கல்பம் ஆயிற்று, கன்னிகாதானம் ஆயிற்று, கூறைப்புடவை மாற்றிக்கொண்டு பவானி வந்து உட்கார்ந்தாள். என்னைத் தேடிப் பார்த்தாள். நான் மிடுக்காகத் தலையை ஆட்டினேன். அவள் முகத்தில் நிம்மதி வந்தது.

அங்கே ஒன்பதாவது இன்னிங்ஸ், அதாவது கடைசி. எங்கள் அணி மூன்று ஓட்டம் முன்னிலை. இன்னும் இரண்டு பேரை அவுட் ஆக்கினால் போதும். இங்கே சித்தி, சித்தப்பாவின் மனைவி, தேங்காயின் மேல் தாலி வைத்த தட்டை ஏந்திக்கொண்டு, பெரியவர்கள் தொட்டுக் கும்பிடுவதற்காக வரிசை வரிசையாகப் போனார். எல்லோர் கையிலும் அட்சதை. சித்தி பின்வரிசைக்குப் போய்விட்டார். அங்கே ஒரு தாத்தா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு தாலியை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாதஸ்வரச் சத்தத்தில் எனக்கு வர்ணனை சரியாகக் கேட்கவில்லை. காதில் இருந்ததை விரலால் அழுத்தினேன். அழுத்தியதும் தெளிவாகக் கேட்டது. எதிரணிக்காரன் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்துவிட்டான். ஒரே அடியில் மூன்று ஓட்டமும் போய்ச் சமநிலை.

இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டேன்.

காது. தலை. தஞ்சாவூர் இளைஞர்கள் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. மண்டபம் அதிரக் கெட்டி மேளம் கிளம்பியது.

கெட்டி மேளம் கேட்டால் தமிழன் யோசிக்க மாட்டான், எறிவான். முந்நூறு பேரும் கையில் இருந்த அட்சதையை மணவறையைப் பார்த்து எறிந்தார்கள். சரவணன் பாவம், கெட்டி மேளம் கேட்டதும் கையைத் தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தூக்கினான். கையில் ஒன்றும் இல்லை. என் தங்கையின் கழுத்தைச் சுற்றி இரண்டு வெறுங்கையோடு, கழுத்தை நெரிக்கப் போகிறவன் போல அப்படியே நின்றான். ஐயர் தாலியைத் தேடினார். தாலி பின்வரிசையில் தாத்தாவிடம் இருந்தது.

"நிறுத்தச் சொல்லுடா," என்று சித்தப்பா வாயசைத்தது தெரிந்தது. அவரும் மேளத்தைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார். ஐயர் எழுந்து நின்று ஆட்டினார். அம்மா ஆட்டினாள். அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. யார் கை ஆட்டினாலும் கண்டுகொள்ளக்கூடாது என்று மிரட்டி வைத்த மகானுபாவன் நான்தானே. நான் மேளத்தின் பக்கம் திரும்பி இடது கையைத் தடவினேன். தோளிலிருந்து மணிக்கட்டுக்கு. மறுபடி தோளிலிருந்து மணிக்கட்டுக்கு. பட்டுச் சட்டை சூடாகிற அளவுக்குத் தடவினேன். தவில்காரர் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டு, புன்னகை மாறாமல் வெளுத்து வாங்கினார். நான் காதைத் தொடவில்லை அல்லவா? விதி என்றால் விதி.

என் முதுகுக்குப் பின்னால் நடந்தது எனக்குப் பிறகு சொல்லித்தான் தெரியும். சித்தி தாத்தாவிடமிருந்து தட்டைப் பிடுங்கி முன்வரிசைக்கு நீட்ட, தட்டு தலைகளுக்கு மேலே கை மாறி மாறிப் பறந்து மணவறைக்கு வந்திருக்கிறது. (வெளிமைதானத்திலிருந்து பந்தைக் கைமாற்றி அனுப்புவதை ஜப்பானில் பார்த்தேன், அதைவிட இது சுத்தமாக இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இப்படித் தோன்றுகிறவனைச் செருப்பால் அடிக்க வேண்டும்.) ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டார். சரவணன் கட்டத் தொடங்கிவிட்டான். மேளமும் விடாமல் முழங்கிக்கொண்டிருந்தது. அதாவது அந்த நொடியில், என்னையும் மீறி, எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது. நான் சும்மா நின்றிருந்தால் போதும்.

சரியாக அப்போதுதான் எனக்குச் சாவி ஞாபகம் வந்தது.

காதைப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் வயர் விரலில் மாட்டிக்கொண்டது. அதைப் பார்க்க நேரம் இல்லை. ஒரே இழுப்பாகக் கையைத் தோளுக்குக் கொண்டுபோய் மணிக்கட்டு வரை தடவினேன். மேளம் கத்தரித்த மாதிரி நின்றது. வயரும் போனிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

முந்நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. என் இடுப்பிலிருந்து, முழுச் சத்தத்தில், ஒரு வெள்ளைக்காரர் பேசினார்.

"ஓ நோ! வாட் எ டெரிபிள் மிஸ்டேக்! தே வில் ரிக்ரெட் திஸ் ஃபார் எ லாங், லாங் டைம்!"

அங்கே எங்கள் ஆள் ஒருவன் கைக்கு வந்த பந்தைக் கோட்டைவிட்டு ஆட்டத்தைத் தோற்கடித்திருந்தான். அது எனக்கு மட்டும்தானே தெரியும்? மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், தாலி ஏறும் நேரத்தில், எவனோ ஒருவன், இது பயங்கரமான தவறு, ரொம்ப காலத்துக்கு வருத்தப்படுவார்கள் என்று அறிவித்தான் என்பதுதான். சிங்கப்பூரில் இதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர்கூட இல்லை. முதல் முடிச்சுப் போடக் குனிந்த சரவணனின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"யாருலா அது?" என்றார் சம்பந்தி அம்மா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் குனிந்து இடுப்பில் போனைத் தேடினேன். அது பெல்ட்டிலிருந்து நழுவி வேட்டிக்குள் இறங்கிவிட்டது. வெள்ளைக்காரர் நிறுத்தவில்லை. "ஹவ் கேன் யூ டூ தட்?" என்று கேட்டுக்கொண்டே என் முழங்கால் வரை போனார். ஐயர் மைக்கில், "கெட்டி மேளம், கெட்டி மேளம்," என்று கதறினார். தஞ்சாவூர் இளைஞர்கள் கட்டுப்பாடாக என் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் இரண்டு கையும் வேட்டியில் இருந்தன. கடைசியில் சித்தப்பாதான் காப்பாற்றினார். கையைத் தட்ட ஆரம்பித்தார். ஒருவர் தட்டினால் எல்லோரும் தட்டுவார்கள் இல்லையா? மண்டபம் முழுக்கக் கைதட்டியது. மூன்று முடிச்சும் விழுந்தன. அட்சதையெல்லாம் முன்னமே தீர்ந்துவிட்டதால் சிலர் தரையிலிருந்து பொறுக்கி எறிந்தார்கள். என் ஆபீஸ் நண்பர் ஒருவர் சட்டைப் பையில் இருந்த புளிப்பு மிட்டாயை எறிந்தார்.

தங்கைக்குத் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு யாரும் பாயசம் ஊற்றவில்லை. ஊற்றியிருந்தாலும் இறங்கியிருக்காது. பெண்ணை அனுப்பி வைக்கும்போது கார் கதவருகே போய் நின்றேன்.

பவானி நிமிர்ந்து பார்த்தாள். "ஜெயிச்சாங்களாண்ணா?"

"இல்ல."

"சரி," என்று சொல்லிவிட்டுக் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் சிராங்கூன் சாலையில், பூக்கடைக்கும் காய்கறிக் கடைக்கும் நடுவில், பட்டுச் சட்டையோடு நின்று தேம்பித் தேம்பி அழுதேன். தங்கச்சியைப் பிரிந்து அழுகிற அண்ணன் என்று நினைத்து ஒரு பூக்காரம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, வாங்கிக் குடித்தேன்.

பவானி பயந்தபடியே ஆயிற்று. அவளுடைய மாமியாருக்கு அன்றைக்குக் கிடைத்தது தும்மலா, இருமலா? முழு வாக்கியம் அல்லவா கிடைத்தது! அதை அவர் அன்றிலிருந்து பத்திரமாக வைத்துப் புழங்குகிறார். ரசத்தில் உப்புக் கூடிப்போனால், "அன்னைக்கே வெள்ளக்காரன் சொன்னான்." ஏர்கான் ஒழுகினால், "அன்னைக்கே சொன்னான்." சரவணன் சம்பள உயர்வு கிடைக்காமல் வந்து நின்றபோதும் அதேதான். முதல் வருஷம் பவானி ஒவ்வொரு முறையும் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எனக்குப் போன் செய்வாள். ஒன்றும் பேச மாட்டாள். மூச்சு மட்டும் கேட்கும். நானும் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். அந்த வருஷம் நான் ஒரு ஆட்டம்கூடப் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

இரண்டாவது தீபாவளிக்கு புக்கிட் பாஞ்சாங் வீட்டில் விருந்து. எங்கள் பக்கமும் அவர்கள் பக்கமும் கூடியிருந்தோம். சாப்பிட்டு முடித்ததும் கல்யாண வீடியோவைப் போடச் சொல்லி யாரோ கேட்டார்கள். அதுவரை அதை ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்ததில்லை, யாருக்கு வேண்டிக்கிடக்கிறது? சரவணன் பெரிய டிவியில் போட்டான். சங்கல்பம் வந்தது. கூறைப்புடவை வந்தது. தட்டு தலைகளுக்கு மேலே பறந்து வந்தது. சரவணன் தாலியைக் கையில் வாங்கினான். பவானி தலை குனிந்தாள். மேளம் நின்றது.

காமிரா சட்டென்று திரும்பியது. வீடியோக்காரன் பாவம், சத்தம் வந்த பக்கம் திருப்பிவிட்டான். டிவி முழுக்க நான். குனிந்து, இரண்டு கையையும் வேட்டிக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறேன். வெள்ளைக்காரர் பேசுகிறார். கைதட்டல் கேட்கிறது. ஒரு புளிப்பு மிட்டாய் குறுக்கே பறக்கிறது. காமிரா திரும்பி மணவறைக்குப் போனபோது தாலி ஏறி முடிந்து, பவானி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

நான் சோபாவுக்குள் புதைந்துபோகப் பார்த்தேன்.

சம்பந்தி அம்மா பெருமூச்சு விட்டுத் தொடங்கினார். "அன்னைக்கே வெள்ளக்காரன்..."

"எதை மிஸ்டேக்குன்னு சொன்னான் அத்தை?" என்றாள் பவானி. முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். "ரெண்டு மணி நேர வீடியோல உங்க பையன் எனக்குத் தாலி கட்டின மாதிரி எங்கயுமே இல்ல. எங்கண்ணன் வேட்டிக்குள்ள கையை விட்டதுக்குத்தான் சாட்சி இருக்கு. அவன் அதைத்தான் சொல்லியிருப்பான்."

முதலில் சிரித்தது சம்பந்தி அம்மாதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எது கெட்டுப்போனாலும், ரசமோ, ஏர்கானோ, மழையில் நனைந்த துணியோ, பவானியை யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. நேராக எனக்குப் போன் செய்கிறார்கள்.